ஒருநாள் போரும் நெடுநாள் முற்றுகையும்



செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தில் இரண்டு யுத்தங்கள் விசேஷமானவை. ஒன்று, 1690ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்துக்கொண்டு, சத்ரபதி சிவாஜியின் குமாரர் ராஜாராமைச் சிறைபிடிக்க முனைந்து, 1698 வரையில் நடத்திய நீண்ட முற்றுகை. மற்றொன்று, 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் பெரும் படையை எதிர்த்து, நம் ஜனங்கள் தேசிங்கு ராஜன் என்று வாஞ்சையோடு அழைக்கும் இளைஞன் தேஜ்சிங், ஒரே நாளில் பொருது உயிர்நீத்த போர். கதைப்பாடலில் பாடப்பெற்றவன் தேசிங்கு. ஆனால் இக்கோட்டையின் உண்மையான வலிமை இன்னதென்று உலகுக்கு நிரூபித்தது அந்த நெடிய முற்றுகையே. பல மழைக்காலமும் பல கோடையும் பார்த்த பிறகுதான் அதன் மதிலின் திண்மையும், சுனையின் ஆழமும், காவலரின் சகிப்பும் தெரியவந்தன.

விளையாட்டிலும் இந்த இருவகைப் பரீட்சை உண்டு. தோற்றவர் அன்றே வெளியேறும் நாக் அவுட் முறை ஒருநாள் போர். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் முறைவைத்து ஆடி, புள்ளிகளைச் சேர்த்து, பட்டியலில் முந்தியவர் இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் லீக் முறை நெடுநாள் முற்றுகை. நம்முடைய கல்லூரி மாணவர்களின் கபடிக்கு இப்போது அவசியமாக வேண்டியது இரண்டாவது முறையே என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கபடிக்கு உள்ள செல்வாக்கை நான் விவரிக்க வேண்டியதில்லை. மேல்மலையனூர்ப் பக்கமானாலும், அவலூர்ப்பேட்டைப் பக்கமானாலும், பொங்கலையொட்டி மின்விளக்குக் கட்டி இரவு முழுவதும் ஆட்டம் நடப்பதும், பாடிப் போகிறவன் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது ஊரே ஆர்ப்பரிப்பதும் நமக்குப் பழகிய காட்சிகள். அந்த மண்ணில் ஆடிப் பழகிய பையன்கள்தாம் கல்லூரியில் சேர்ந்து, கல்லூரியின் பெயரைச் சட்டையில் தாங்கிக் களம் இறங்குகிறார்கள். அதன் பிறகு அவர்களுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம் எவ்வளவு?

ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் தமக்குள் மோதுகின்றன. அவற்றிலிருந்து பல்கலைக்கழக அணி பொறுக்கி எடுக்கப்படுகிறது. அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்பாடு செய்யும் தென் மண்டலப் போட்டிக்குப் போகிறது. மண்டலத்தில் முதல் நான்கு இடம் பெற்றவை அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி அடைகின்றன. ஏணி செம்மையானதுதான், குறை அதன் அடிப்படியில் இருக்கிறது. பதினாறு கல்லூரிகள் நாக் அவுட் முறையில் கூடினால், முதற் சுற்று முடிந்ததும் எட்டுக் கல்லூரிகள் மூட்டை கட்டுகின்றன. இருபது நிமிஷமாக இரண்டு பாதி, நடுவில் ஐந்து நிமிஷ ஓய்வு. ஓராண்டுக் காலம் விடியற்காலையில் எழுந்து செய்த பயிற்சிக்கு அவ்வளவே பலன்.

கபடி அப்படி ஒரே ஆட்டத்தில் கைவரும் வித்தையன்று. களத்தின் மூலையில் நிற்பவன் எதிரியின் கணுக்காலைப் பற்றும் அதே க்ஷணத்தில், அவனுக்கு அடுத்து நிற்பவன் இடுப்பை மறிக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் பிடி நழுவி, இருவரும் வெளியே போக நேரும். முப்பது விநாடிக்குள் பாடி முடித்துத் திரும்ப வேண்டியவன், எதிர்ப்புறத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கையில் போனஸ் கோட்டை நோக்குவதா, கையால் தொட முயல்வதா என்று மூச்சுக்குள் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். மண்தரையில் வெறுங்காலோடு ஆடியவன் முதன்முதலாகச் செயற்கை விரிப்பில் இறங்கும்போது அவன் காலே அவனுக்கு அந்நியமாகிவிடுகிறது. இவையெல்லாம் வெவ்வேறு எதிரிகளோடு மீண்டும் மீண்டும் பொருதுவதனால் மட்டுமே படியும் அறிவு.

மேலும், ஒரு நாளின் முடிவு எப்போதும் தகுதியின் முடிவு ஆகிவிடாது. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது முதல் 2014 வரையில் ஏழு முறையும் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணி, 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. அவ்வளவு பெரிய அணிக்கே ஒரு பொல்லாத நாள் வாய்க்குமானால், சிற்றூர்க் கல்லூரியின் முதலாண்டு மாணவனுக்கு வாய்ப்பதில் வியப்பென்ன? வித்தியாசம் யாதெனில், தேசிய அணிக்கு மறுபடி களம் உண்டு. இவனுக்கு அடுத்த ஆண்டுதான் உண்டு.

லீக் முறையின் சிறப்பை நாம் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறோம். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில், நெடுங்காலம் வெற்றிக்கு ஐந்து புள்ளி, சமநிலைக்கு மூன்று புள்ளி என்பதோடு, ஏழு புள்ளிக்கு மேற்படாத வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி என்று விதித்திருந்தார்கள். கடைசி நிமிஷம் வரை தளராதவனுக்குத் தோல்வியிலும் ஒரு வெகுமதி! 2017இல் சேர்ந்த தமிழ்த் தலைவாஸ் அணி, பல பருவங்கள் பட்டியலின் அடியில் துவண்டு கிடந்தபின், 2022இல் ஐந்தாம் இடம் பிடித்து முதன்முறையாகப் பிளே ஆஃப் சுற்றை எட்டி, உத்தரப் பிரதேச அணியைச் சமன்முறிப்பில் வென்று அரையிறுதிக்கே சென்றது. அந்த வாரங்களில் தமிழ்நாட்டு அபிமானிகள் தங்கள் அணியின் ஆட்டத்தை மட்டுமா பார்த்தார்கள்? மற்ற அணிகள் தோற்பதும் ஜயிப்பதும் பட்டியலை எப்படிப் புரட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பு ஒரு சமூகத்தையே விளையாட்டோடு பிணைக்கும் கயிறாகும்.

கடல் கடந்த ஓர் உதாரணமும் நமக்குப் பயன்படும். வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் ஆடிவந்த லாக்ராஸ் என்னும் ஆட்டம், முனையில் வலை பின்னிய கோலால் பந்தை ஏந்தி ஓடி எறிவது. நம் கபடியைப் போலவே அது மண்ணில் பிறந்த ஆட்டம். 1904, 1908 ஒலிம்பிக்குகளில் பதக்கத்துக்காக ஆடப்பெற்று, 2028இல் லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் இடம்பெறப் போவது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இதை ஆடும் மாணவர் மன்றங்களுக்கு உபகாரச் சம்பளமோ பெரிய நிதியோ கிடையாது. மாணவர்களே சந்தா திரட்டி, பயணச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவ்வாறிருந்தும், அருகருகே உள்ள கல்லூரிகள் வட்டாரக் குழுக்களாகச் சேர்ந்து, பருவம் முழுவதும் தமக்குள் ஆடுகின்றன. வட்டாரத்தில் வென்றவர்கள் தேசியப் போட்டிக்கு நேரே செல்கிறார்கள், வேறு சில அணிகள் பருவம் முழுவதும் காட்டிய திறமையைக் கொண்டு தேர்வு பெறுகின்றன. ஆகவே ஏதோ ஒரு சனிக்கிழமையில் நடக்கும் சாதாரண ஆட்டத்துக்கும் அங்கே அர்த்தம் இருக்கிறது.

இது நம்மால் ஆகாத காரியமா? செஞ்சியிலிருந்து திண்டிவனமும் விழுப்புரமும் திருவண்ணாமலையும் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன; மூன்று ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. செஞ்சி வட்டாரத்துக் கல்லூரிகளையும் சேர்த்து ஆறு கல்லூரிகள் உடன்பட்டால், ஒரு சுற்றில் பதினைந்து ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து. சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரியின் மைதானத்தில் ஒன்று என இரு சுற்று வைத்தால், ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்கள். முதல் நான்கு அணிகள் அரையிறுதி ஆடட்டும். பரீட்சைக் காலத்தைத் தவிர்த்துச் சனிக்கிழமைகளில் வைத்தால் படிப்புக்கும் பங்கமில்லை. கடைசி பஸ் போகுமுன் முடியும்படி பிற்பகலிலேயே தொடங்கினால் தொலைகிராமத்து மாணவனும் கவலையின்றி வீடு சேர்வான். மாணவிகளுக்கும் இதே அட்டவணை, இதே மைதானம், இதே மரியாதை இருக்க வேண்டும். 2010 முதல் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடியும் இடம்பெற்று வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

செலவு ஆகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பொங்கல் போட்டிக்கு ஒளியும் பரிசும் உணவும் தாமாக முன்வந்து தரும் கிராமத்தார், தங்கள் பிள்ளைகள் பஸ்ஸேறிப் போய் ஆடுவதற்கு மனமுவந்து உதவ மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

கல்லூரி முதல்வர்களையும் உடற்கல்வி இயக்குநர்களையும் நான் பணிவோடு வேண்டிக்கொள்வது இதுவே: இந்த ஆண்டே நான்கு கல்லூரிகளாவது ஒன்றுகூடி ஒரு லீக்கைத் தொடங்குங்கள். நேயர்களே, உங்கள் ஊரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் மைதானத்துக்கு வாருங்கள். தோற்ற அணிக்கும் கைதட்டுங்கள். அடுத்த வாரம் அவர்கள் ஆடும்போதும் தவறாமல் வாருங்கள்.