இல்லப் பட்டறைகளில் ஒளியமைப்பு

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சன்னபட்டணம். அரக்கு வண்ணம் பூசிய மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. கடைசல் இயந்திரத்தில் மரக்கட்டை சுழலும்போது அதன்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகின்றனர். உராய்வினால் தோன்றும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பின்னர் தாழை ஓலையைக் கொண்டு மெருகேற்றுகின்றனர். கூரிய உளி சுழலும் கட்டையைத் தொடும் இத்தொழிலில் கண் பிசகினால் பொம்மை மட்டுமன்றி விரலும் பாழாகும்.

இத்தகைய தொழில்கள் பல, வீட்டை ஒட்டிய சிறு கொட்டகைகளில் நடைபெறுகின்றன. அங்கே இயந்திரத்திற்குச் செலுத்தப்படும் கவனம் விளக்கிற்குச் செலுத்தப்படுவதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், போதிய ஒளி வேண்டும், கண்கூச்சமும் விபத்துக்கு இடந்தரும் நிழலும் தவிர்க்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆயினும், குடும்பத்தினர் மட்டுமே உழைக்கும் இல்லப் பட்டறை அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. எனவே, தொழிலாளியே தமக்குரிய கண்காணிப்பாளராகவும் இருக்க வேண்டியவராகிறார்.

எவ்வளவு ஒளி தேவை?

விளக்கு எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது என்பதை வாட் காட்டுகிறது. எவ்வளவு ஒளியை உமிழ்கிறது என்பதை லூமென் காட்டுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமென் அளவே லக்ஸ் எனப்படும். விளக்கு வாங்குவோர் வாட்டை மட்டும் பார்ப்பது, பசுவின் பாலை அளக்காமல் அது தின்னும் தீவனத்தை மட்டும் அளப்பதற்கு ஒப்பாகும்.

6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்ளலாம். பரப்பு 24 சதுர மீட்டர். வேலைமேடையின் மீது 300 லக்ஸ் ஒளி தேவையெனில், அங்கே 7,200 லூமென் வந்து சேர வேண்டும். ஆனால், விளக்கு உமிழும் ஒளி முழுவதும் மேடையை எட்டுவதில்லை. சுவரும் கூரையும் வெளுப்பாக இருப்பின் நூற்றுக்கு 60 பங்கு எட்டும் எனக் கொள்ளலாம். தூசியாலும் நாட்பட்ட பயன்பாட்டாலும் நேரும் குறைவுக்கு இடம் விட்டு, அதிலும் நூற்றுக்கு 80 பங்கையே கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே, விளக்குகள் மொத்தம் 15,000 லூமென் உமிழ வேண்டும்.

சுவர்கள் புகையேறிக் கறுத்திருந்தால், 60 பங்கு 40 ஆகக் குறையலாம். அப்போது தேவை 22,500 லூமெனாக உயர்கிறது. 2,000 லூமென் உமிழும் விளக்குகள் எட்டு போதும் என்ற நிலை மாறிப் பன்னிரண்டு வேண்டியதாகிறது. ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பது நான்கு விளக்குகளின் வேலையைச் செய்கிறது!

எந்த விளக்கு?

100 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 1,300 லூமென் தருகிறது. மேற்கண்ட தேவைக்குப் பன்னிரண்டு பல்புகள், அதாவது 1,200 வாட் வேண்டும். மேலும், சூடேறிய பல்பின் மீது மரத்தூள் படிவது தீ விபத்துக்கு வழி கோலும். 40 வாட் பழைய குழல்விளக்கு, அதன் சோக் உண்ணும் மின்சாரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 52 வாட் எடுத்துக்கொண்டு 2,400 லூமென் அளவில் ஒளி தருகிறது. இவ்வகையில் ஏழு விளக்குகளுக்கு 364 வாட் செலவாகும். 2,000 லூமென் தரும் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்குகள் எட்டினைப் பொருத்தினால் 160 வாட் போதும்.

நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் விளக்கெரிந்தால், பழைய குழல்விளக்குகளை மாற்றுவதால் மட்டும் ஏறத்தாழ 490 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால், அது 3,920 ரூபாய். விளக்கொன்று 250 ரூபாய் வீதம் எட்டு விளக்குகளுக்கு ஆகும் 2,000 ரூபாயும் ஏறக்குறைய ஆறு மாதங்களில் திரும்பிவிடும்.

2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதலால் விலை பெரிதும் வீழ்ந்தது. ஆயினும், மலிவானவை அனைத்தும் தரமானவை ஆகா. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவெண்ணையும், எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திரக் குறியையும் பார்த்து வாங்குதல் நலம். வண்ண வேலைக்கு, பெட்டியின் மீது சி.ஆர்.ஐ. எனக் குறிக்கப்படும் எண் 80-க்குக் குறையாதிருக்க வேண்டும். இன்றேல், பட்டறையில் சிவப்பாகத் தோன்றிய அரக்கு பகலொளியில் வேறு நிறம் காட்டும்.

நின்றதாகத் தோன்றும் சக்கரம்

சிக்கனத்தைக் காட்டிலும் முக்கியமானது பாதுகாப்பு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. எனவே, பழைய சோக்குடன் எரியும் குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும் சதுரக் கட்டை, இரு துடிப்புகளுக்கு இடையே சரியாகக் கால் சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே தோற்றத்தைக் காணும் கண், கட்டை அசையாமல் நிற்பதாக எண்ணிவிடக்கூடும். அதை நம்பிக் கை நீண்டால் விளைவு கொடிது.

எல்.இ.டி. விளக்குகளிலும் மலிவான மின்சுற்று உடையவை இவ்வாறே துடிக்கும். கைபேசிக் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்தால், துடிக்கும் விளக்கில் பெரும்பாலும் கரும்பட்டைகள் ஓடுவதைக் காணலாம். அத்தகைய விளக்கைக் கடைசல் இயந்திரத்தின் மேல் பொருத்தலாகாது.

பொருத்தும் முறை

விளக்கு தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அவர் நிழல் அவர் வேலையின் மீதே விழும். ஆகவே, விளக்குகளை வேலைமேடைக்கு நேர் மேலே இரு வரிசைகளாக அமைத்து, வரிசைக்கொரு சுவிட்ச் வைக்க வேண்டும். தகரக் கூரையின் வெப்பம் எல்.இ.டி. விளக்கின் ஆயுளைக் குறைக்குமாதலால், கூரையோடு ஒட்டாமல் சற்றுத் தாழ்த்தித் தொங்கவிடல் வேண்டும்.

முழுக் கொட்டகைக்கும் 300 லக்ஸ் தருவதற்கு மாறாக, பொதுவொளியை 200 லக்ஸாகக் குறைத்து, உளிமுனை தொடும் இடத்திற்குத் தனியே 7 வாட் விளக்கொன்றை அமைப்பதும் ஒரு வழி. ஆறு குழல்விளக்குகளும் இரு இயந்திரங்களுக்கான தனி விளக்குகளும் சேர்ந்து 134 வாட்டே ஆகும். வேண்டிய இடத்தில் ஒளியும் மிகும். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் புகும் ஒளி குறைவதால், முதிய கைவினைஞருக்கு இம்முறை பெரிதும் உதவும். கூரையில் ஒளிபுகும் தகடு ஓரிரண்டு பதித்தால், பகலில் விளக்கே தேவைப்படாமலும் போகலாம். மாதம் ஒருமுறை விளக்குகளைத் துடைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தச்சர், பொம்மை செய்வோர் உள்ளிட்ட 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சியும் கடனும் வழங்க வகை செய்தது. இத்தகைய பயிற்சிகளில் கருவியைக் கையாளும் முறையோடு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் ஒரு மணி நேரம் கற்பித்தால், அதன் பயன் பல ஆண்டுகளுக்கு நிலைக்கும். கைவினைஞரின் மூலதனம் கையும் கண்ணும் ஆகும். அவற்றைக் காக்கும் விளக்கு, பட்டறையின் கருவிகளுள் ஒன்றாகவே எண்ணப்படல் வேண்டும்.