பாறை டெய்சிக்கு ஒரு வவுச்சர்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் பல வருடம் வவுச்சர் சரிபார்த்தவன் நான். தாவரவியல்காரர்களும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. இன்ன இடத்தில் இன்ன செடி இருந்தது என்று நோட்டில் எழுதினால் மட்டும் போதாதாம். உலர்த்திய கிளை ஒன்றைச் சான்றாக வைக்க வேண்டும். அதுதான் வவுச்சர். அதைப் பாதுகாக்கும் இடம் ஹெர்பேரியம்.

ஒரு செடியை வைத்துச் சொல்கிறேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வடகிழக்கே மார்ல்பரோ என்ற பகுதி. அங்கே கடலோரச் செங்குத்துப் பாறைகளில் ஒரு காட்டு டெய்சி வளர்கிறது. பாக்கிஸ்டீஜியா இன்சிக்னிஸ் என்று பெயர். நம் சாமந்தி, சூரியகாந்திக்கு உறவு. மண்ணே இல்லையோ என்று தோன்றும் பாறை இடுக்கில் வேர்விட்டு நிற்கும். இலை தோல் மாதிரி தடிப்பு; மேலே பளபளப்பு, அடியில் கம்பளி விரித்தது போல வெளிர் ரோமம். காற்றிலும் வெயிலிலும் ஈரம் போகாமல் காப்பது அதுதான். மொட்டு, முரசு கொட்டும் குச்சியின் தலை மாதிரி உருண்டையாக இருக்கும். விரிந்தால் சுற்றிலும் வெள்ளை, நடுவே மஞ்சள்.

சேகரிக்கப் போகிறவர், முதலில் அனுமதி வாங்க வேண்டும். பூவோடு ஒரு கிளை போதும். செடியைப் பிடுங்கக் கூடாது. கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டி, ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படித் தடித்த இலை சீக்கிரம் காயாது. கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் பூச்சி வராமல் உறைகுளிரில் வைத்து எடுத்து, கெட்டித்தாளில் பொருத்துவார்கள்.

என்னைக் கேட்டால், பூவை விட முக்கியம் அதே தாளில் ஒட்டும் சீட்டு. இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவருடைய வரிசை எண், எப்படிப்பட்ட பாறை, பூவின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். காய்ந்த பூவில் நிறம் மங்கிவிடும், எழுதினால்தான் உண்டு. சீட்டு இல்லையென்றால் அது வெறும் சருகு. தேதியும் கையெழுத்தும் இல்லாத வவுச்சரை நாங்கள் பாஸ் செய்வோமா?

இந்தச் செடியை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் ஜோசப் ஹூக்கர், நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றியும் பெரிய நூல் எழுதியவர். 1841-இல் நியூசிலாந்து போனார். ஆனால் கப்பல் நின்றது வடக்குத் தீவில். மார்ல்பரோ பாறையை அவர் பார்த்ததில்லை. பிறர் அனுப்பிய உலர்ந்த மாதிரியை வைத்தே எழுதினார்.

2016 நவம்பரில் அந்தக் கரையோரத்தில் 7.8 அளவு நிலநடுக்கம். மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலை மீதும் ரயில் பாதை மீதும் விழுந்தன. சரிந்த பாறையில் முன்பு எந்தச் செடி நின்றது என்று இனி பாறையைக் கேட்க முடியாது. பழைய தாள் இருந்தால் அதைக் கேட்கலாம்.

வெலிங்டன் நகரின் டெ பாப்பா அருங்காட்சியகம் தன் தாவரத் தாள்கள் பலவற்றை இணையத்தில் படமாகவே வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு பாருங்கள். பூவைப் பார்த்த கையோடு, அந்தச் சீட்டையும் பெரிதாக்கிப் படித்துவிடுங்கள்.