எண்ணெய் ஓவியத்தில் படிந்த கறை



ஓசூருக்கு அண்மையில், கர்நாடக எல்லைப் பகுதியில் அமைந்த எங்கள் தொரப்பள்ளி, மூதறிஞர் ராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாகக் காக்கப்படுகின்றது. நாடறிந்த பெரியோரின் நினைவை அரசு காக்கும். நம் வீட்டுப் பெரியோரின் நினைவை யார் காப்பது? நாமேதான் காத்தல் வேண்டும். அத்தகைய நினைவுப் பொருள்களுள் ஒன்று, சில பழைய வீடுகளின் கூடத்தில் தொங்கும் எண்ணெய் ஓவியம். அதில் படியும் கறையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

எங்கள் வட்டாரத்தில் நெடுஞ்சாலைப் புழுதிக்குக் குறைவில்லை. வீட்டுக்குள்ளோ விளக்குப் புகை, ஊதுவத்திப் புகை, கர்ப்பூரப் புகை. மறைந்த முன்னோரின் உருவமாயின், ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் ஏறும். கண்ணாடியிட்ட புகைப்படத்துக்கு இதனால் கேடில்லை. எண்ணெய் ஓவியத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி இடுவதில்லை. எனவே எல்லாம் வண்ணத்தின் மேலேயே படிகின்றன.

“உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் அழுக்குப் போய்விடுமாமே?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னை வினவினார். விடை காண்பதற்கு முன், ஓவியம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

எண்ணெய் ஓவியம் பல அடுக்குகளால் ஆனது. அடியில் கித்தான், அதன்மேல் பசை, பசையின்மேல் வெண்பூச்சு, அதன்மேல் ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம், பல ஓவியங்களில் அனைத்துக்கும் மேலாக வார்னிஷ். ஆளி விதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் அது நொறுங்கும் தன்மை பெற்று, நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன.

உருளைக்கிழங்கைத் தேய்த்தால் அதன் நீர் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கும். அடியிலுள்ள பசை ஊறும், கித்தான் சுருங்கும், வண்ணம் செதிள் செதிளாகப் பெயரும். எஞ்சிய மாவுப் பொருளோ பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் உணவாகும். சவர்க்காரத்தின் காரம் எண்ணெய்ப் படலத்தையே அரிக்கும். சாராயம் போன்ற கரைப்பான்கள் வார்னிஷைக் கரைப்பதோடு வண்ணத்தையும் தாக்கக்கூடும். போன வண்ணம் மீளாது.

அவ்வாறாயின் வீட்டில் செய்யத்தக்கது யாது? முதலில் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். வண்ணம் எங்கேனும் எழும்பியோ உரிந்தோ இருப்பின் அதைத் தொடவே கூடாது. உறுதியாக இருப்பின், மிக மென்மையான, உலர்ந்த, புதிய தூரிகையால் மேலிருந்து கீழாக இலேசாகத் தூசியைத் தள்ளுங்கள். துணியும் இறகுத் துடைப்பமும் வேண்டா; அவற்றின் இழைகள் வெடிப்புகளில் சிக்கி வண்ணத்தைப் பெயர்க்கும். பூஞ்சணம் கண்டால் துடைக்காமல், ஓவியத்தை ஈரமற்ற, காற்றோட்டமுள்ள அறையில் தனியே வையுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள்.

ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் கையாளும் பொருள்களுள் ஒன்று உங்களுக்கு வியப்பளிக்கும். அது மனிதனின் உமிழ்நீர்! மாவுப் பொருளைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி அதில் உள்ளது. போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர் மூவர் இதன் திறனை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். முதலில் சிரிக்க வைத்துப் பின்னர் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு 2018ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்தது. எனினும், எளிய பொருள் என்பதால் எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. வல்லுநர் பஞ்சுக் குச்சியைச் சற்றே நனைத்து, சட்டம் மறைக்கும் ஓரத்தில் முதலில் சோதிப்பர், தேய்க்காமல் உருட்டுவர், பஞ்சில் நிறத்தின் சாயல் தெரிந்த கணமே நிறுத்துவர். வார்னிஷ் பூசப்படாத ஓவியங்கள் பல வெறும் நீருக்கே நிறம் விடுவன.

இன்னொன்றையும் கருதுக. மங்கலெல்லாம் அழுக்கன்று, வார்னிஷே முதுமையில் மஞ்சளாகிக் கருக்கும். ரெம்பிராண்ட் 1642ஆம் ஆண்டில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் அவ்வாறு கருத்ததால், பிற்காலத்தார் அதை இரவுக் காட்சி என்று கருதி ‘இரவுக் காவல்’ எனப் பெயரிட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வல்லுநர் அதைத் தூய்மை செய்தபோது, பகல் ஒளி வெளிப்பட்டது. அழுக்கு எது, வார்னிஷ் எது, வண்ணம் எது என்று பிரித்தறியும் பயிற்சி பெற்ற கைகளுக்கே அவ்வேலை உரியது.

அப்பயிற்சி நம் நாட்டிலும் உண்டு. இரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களை உடைய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. அருமையான ஓவியம் உங்கள் வீட்டில் இருப்பின், எதையும் தடவுமுன் அத்தகைய வல்லுநரின் அறிவுரையைக் கேளுங்கள்.

வருமுன் காத்தலோ எல்லோருக்கும் இயலும். ஈரம் ஊறும் சுவரிலும், சமையலறையை அடுத்தும், விளக்கு மாடத்துக்கு மேலும் ஓவியத்தை மாட்டாதீர்கள். பின்புறம் காற்றுப் புக, சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். சந்தனப் பொட்டைச் சட்டத்தின் மரத்தில் இடுங்கள்; மாலையைச் சற்றுத் தள்ளி ஒரு பீடத்தில் வையுங்கள். பாட்டனார்க்குச் செய்யும் மரியாதை அதனால் குறையாது.

கறை படிந்த முகத்தை நம் பேரர்கள் என்றேனும் தக்கவரைக் கொண்டு தூய்மை செய்துகொள்ள முடியும். நாம் தேய்த்து அழித்த முகத்தை எவராலும் மீட்டுத் தர இயலாது. ஆதலின், கையை நீட்டுவதற்கு முன் கண்ணால் நன்கு பாருங்கள். ஐயம் எழுந்தால் கையை மடக்கிக் கொள்ளுங்கள்.