தமக்குத் தாமே முதலாளியானோரின் முதுமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓய்வூதியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். மாதச் சம்பளம் வாங்கும் ரெயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன கவலை என்று சிலர் எண்ணக்கூடும். 2004 ஜனவரி 1-ஆம் தேதி முதல் மத்திய சர்க்கார் பணியில் சேர்ந்த எங்களைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் 10 பங்கு, கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் அத்திட்டத்தில் சர்க்காரின் பங்கு நூற்றுக்கு 14. பழைய பென்ஷனே வேண்டுமென்னும் வழக்கு வேறு. அதை இங்கே எடுக்கவில்லை. பிடித்தம் தொடங்கிய நாளில் முணுமுணுத்தோம். பிறகு அப்பணத்தை மறந்தோம். மறந்ததனாலேயே அது சேர்ந்தது.

இங்கிலாந்தில் 2008-இல் சட்டமியற்றி, 2012 அக்டோபர் முதல் தனியார் நிறுவன ஊழியரையும் இவ்வாறே தாமாகச் சேர்த்தனர். விரும்பாதவர் விலகலாம், பெரும்பாலோர் விலகவில்லை. ஆயினும் சுயதொழில் செய்வோர் அச்சட்டத்துக்கு வெளியே நின்றனர். பிடித்தம் செய்ய ஒரு முதலாளி வேண்டுமன்றோ? நம் நாட்டு வருங்கால வைப்புநிதியும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையே கட்டாயப்படுத்துகிறது.

நம்மவர் நிலையைப் பாருங்கள். சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருப்போர், பூக்கட்டுவோர், தைப்போர், இஸ்திரி போடுவோர் எத்தனை பேர்! சீட்டுக் கட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்கிறோம். முதுமைக்கென்று சீட்டுக் கட்டியவரை நான் கண்டதில்லை. தையற்காரருக்கெனக் கேரளத்தில் 1994-இல் க்ஷேமநிதிச் சட்டம் வந்தது. அதிலும் தாமே சென்று சேரவேண்டும்.

2015-இல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயது வரையிலானோர் சேரலாம். வங்கியிலோ தபாலாபீசிலோ சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். சந்தாவைக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். முதலாளி இல்லாதவனுக்கு இதுவே முதலாளி. மாதந்தோறும் இயலாதவர் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை கட்டலாம். சீசன் வியாபாரிக்கு இது பெருஞ் சௌகரியம்.

60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்டவேண்டும். முதலாமவர் 42 ஆண்டுகளில் கட்டுவது 1,05,840 ரூபாய். கடைசியானவர் 20 ஆண்டுகளில் கட்டுவதோ 3,48,960 ரூபாய்! சந்தாதாரர் காலமானால் அதே தொகை மனைவிக்கோ கணவருக்கோ கிடைக்கும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

குறையும் உண்டு. விலைவாசி ஏறினாலும் அந்த 5,000 ஏறாது. வருமான வரி கட்டுவோர் 2022 அக்டோபர் முதல் சேர இயலாது. நம்மில் அத்தகையோர் பெருகினால் எனக்கு மகிழ்ச்சியே. அவர்களுக்கும் நாற்பதைக் கடந்தோருக்கும் 2009 மே முதல் தேசிய ஓய்வூதியத் திட்டம் திறந்திருக்கிறது. ஆனால் அதில் இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

காலனியில் 38, 39 வயதுடைய கடைக்காரர் சிலரை நான் அறிவேன். அவர்களுக்கு வாசல் இன்னும் ஓரிரு ஆண்டுகளே திறந்திருக்கும். பாஸ்புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க வாசகசாலைக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நான் பூர்த்தி செய்து தருகிறேன்.