ஆற்றியிருத்தல்



இப்பத்தாம் ஆண்டு விழாவில் 'முல்லைத் திணை இன்று' என்னும் பொருளில் உரையாற்றப் பணித்தீர்கள். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பல்லாண்டுகள் அதனை வகுப்பறையில் கற்பித்தேன். அதன் பொருளை நான் கற்றதோ, சென்ற ஆண்டு ஒரு ஸ்கேன் மையத்தின் விசிப்பலகையில்.

என் அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய். இம்யூனோதெரபி என்னும் நோயெதிர்ப்பு மருத்துவம் தொடங்கினார்கள். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்னாகரத்தில் விடியற்காலைப் பேருந்து ஏறி, தருமபுரி வழியாகச் சேலம் சென்று வந்தோம். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. மருத்துவர் 'முற்றிவிட்டது' என்றும் கூறவில்லை; 'குணமாகிறது' என்றும் கூறவில்லை. "ஆறு வாரம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

ஏன் இந்த ஐயம்? நம் உடலின் டி அணுக்கள் நோயை எதிர்ப்பவை. புற்றணுக்கள் அவற்றைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன. அத்தடையை விலக்கும் வழியைக் கண்டதற்காகவே ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். தடை நீங்கிய அணுக்கள் கட்டிக்குள் திரளும்போது, கட்டி சில வேளை வீங்கித் தோன்றும். பெட் ஸ்கேனில் அழற்சியும் புற்றைப் போலவே ஒளிரும். எனவே, முதலில் காணும் பெருக்கத்தை 'உறுதிப்படாத வளர்ச்சி' எனக் குறித்து, நான்கு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் படமெடுக்க வேண்டுமென 2017இல் வல்லுநர்கள் நெறி வகுத்தனர். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. இத்தகைய போலி வளர்ச்சி சிலருக்கே நேர்வது. பலருக்கு வளர்ச்சி, வளர்ச்சியேதான்.

குறுந்தொகையின் 66ஆம் பாடல் உங்களுக்கு நினைவிருக்கும். கொன்றை பூத்துவிட்டது, தலைவன் வரவில்லை. காலமல்லாத மழையைக் கார் என நம்பி மரம் ஏமாந்து பூத்தது என்கிறாள் தோழி. ஆனால் பாடலின் துறைக்குறிப்பைப் பாருங்கள். பருவம் வந்ததைக் கண்டு கலங்கிய தலைவியை, பருவம் அன்று எனத் தோழி வற்புறுத்தியதாம். அதாவது, வந்தது கார்தான். அவள் சொன்னது அன்பால் பிறந்த பொய்.

நானும் அத்தோழியானேன். "அது வெறும் வீக்கம்தான் அக்கா" என்று நாள்தோறும் கூறினேன். ஒருநாள் அக்கா சொன்னார்: "நீ ஆறுதலுக்குச் சொல்றேன்னு புரியுதுடி. உனக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

அன்றுதான் உணர்ந்தேன். முன்கூட்டியே அழுதால் அது நெய்தலின் இரங்கல். பொய்யாய் மகிழ்ந்தால் அது இருத்தலே அன்று. இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பதே ஆற்றியிருத்தல். அது செயலற்றிருத்தலும் அன்று. இல்லறக் கடன்களைச் செய்தவாறே காத்திருத்தல்.

அவ்வாறே செய்தோம். எடை, உணவு, இருமல், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து மருத்துவரிடம் காட்டினோம். இம்மருந்தால் நுரையீரலிலும் அழற்சி வரக்கூடுமாதலால், மூச்சுத் திணறினால் அடுத்த ஸ்கேன் வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டுமென அறிந்துகொண்டோம். 'வளர்ச்சி உறுதியானால் அடுத்த மருத்துவம் யாது?' என்பதை முன்னரே கேட்டு வைத்தோம். அறிக்கையை இரவில் தனியே பிரிப்பதில்லை என முடிவு செய்தோம்.

இக்காத்திருப்பு இனி எளியோர் இல்லங்களுக்கும் வரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களுக்கு வழக்கமான மாத்திரை மருந்துகளுடன் நிவோலுமாப் மருந்தை 20 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தனர். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆக உயர்ந்தனர். மருந்து மலிந்தால் ஐயத்தோடு காத்திருப்போரும் பெருகுவர். அவர்களுக்கு வேண்டிய சொற்களைத் தருவது கவிஞர்களாகிய உங்கள் கடன்.

இரண்டாம் ஸ்கேனில் கட்டி வளரவும் இல்லை, குறையவும் இல்லை. "என்னடி சொல்றாங்க?" என்றார் அக்கா. "இன்னும் தெரியலையாம் அக்கா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்றார். அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.