வடித்தலும் வாழ்க்கையும்



"நியூசிலாந்தில் 1996 முதல் வீட்டிலேயே வடிக்கலாமாம். நாம வடிச்சா என்னண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். ராஜாஜி 1937-ல் முதன்முதலாக மதுவிலக்குக் கொண்டுவந்த சேலம் மாவட்டத்தில்தான் அன்று நம் தருமபுரியும் இருந்தது. வீட்டில் வடிப்பது இன்றும் இங்கே குற்றம்.

சட்டம் இருக்கட்டும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78-ல். "முதல்ல வர்றதைக் கொட்டிட்டா போதும்"னு நம்பாதீங்க. கலவையில் இரண்டும் சேர்ந்தேதான் ஆவியாகும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது சாராயத்தில் கலந்த மெத்தனால். வாசனையில் பிடிபடாது.

ஊரில் ஒன்று சொல்லுங்கள்: குடித்தவருக்குப் பார்வை மங்கினால், போலீசுக்குப் பயந்து வீட்டில் கிடத்தாதீங்க. உடனே ஆஸ்பத்திரி. மாற்று மருந்து உண்டு, நேரம்தான் உயிர்.