கண்டியின் ஆக்னஸ்

இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் 1796 வரை ஆண்டார்கள். ஆட்சி ஆங்கிலேயரிடம் போன பிறகும் பல குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அவர்களின் வழிவந்தவர்களைப் பறங்கியர் என்பார்கள்.

அப்படியொரு பறங்கிக் குடும்பத்துப் பெண் ஆக்னஸ் நெல். கண்டி வழக்கறிஞர் ஜார்ஜ் டி சில்வா என்ற சிங்களவரை மணந்தார். 1927-இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளரானார்.

இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு முன் சங்கத்தினர் சாட்சி சொன்னபோது ஒரு கேள்வி வந்தது. தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்றார் ஆக்னஸ்.

1931-இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள்.

ஆக்னஸின் மூத்த மகள் அனில், பம்பாயில் ‘மார்க்’ கலை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். இளையவர் மினெட், 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்.